களை என்று எழுதப்பட்ட கீரை

கோலாகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 பேராக்குக்கு வந்து, அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் மனையில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் மிஞ்சிய ஒன்று என்றுதான் இந்த மரத்தைக் காட்டுகிறார்கள்.

மரத்துக்கு வரலாறு இருக்கிறது. பாலுக்கு இருக்கிறது. விலை ஏறின வருஷம், இறங்கின வருஷம் எல்லாம் அட்டவணை போட்டே வைத்திருக்கிறார்கள். பால் வெட்டினவர்களுக்கும், தாமதமாகவாவது, நாவலும் சிறுகதையும் வந்துவிட்டன. மரத்தடிக்குத்தான் ஒன்றும் இல்லை. நான் படித்த தோட்டத்துக் கதைகளில் மரத்தடி என்றால் பாம்பு, அட்டை, கொசு. இல்லையென்றால் விடியற்காலை இருட்டு. அங்கே சாப்பிடுகிற பொருளும் முளைத்தது என்பது எப்போதாவது ஒரு வரியில் வந்து போகும். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

ரப்பர் கன்று நட்டு ஐந்தாறு வருஷத்தில் மேலே இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். தரைக்கு வருகிற வெயில் குறையும். வெயில் கேட்கிற லாலாங் புல் பின்வாங்கும். பெரிய மரங்களுக்குக் கீழே, ஈரத்தில், அரை வெளிச்சத்தில் வாழப் பழகின செடிகள் அந்த இடத்துக்கு வரும். காட்டை அழித்துவிட்டு நட்ட மரமே, கொஞ்ச காலம் கழித்து, காட்டின் தரையை மட்டும் திரும்பக் கூப்பிட்டது என்று சொல்லலாம். அப்படி வந்தவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: காடோக், பாக்கு.

காடோக் மிளகுக் குடும்பத்துச் செடி. மிளகுக்கும் திப்பிலிக்கும் வெற்றிலைக்கும் பங்காளி. தாவரவியல் பெயர் பைப்பர் சார்மென்டோசம். பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மதராஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் போனவர். சார்மென்டோசம் என்றால் தரையில் ஓடுகொடி விடுவது என்று அர்த்தம். இலை இதய வடிவத்தில், மேல்புறம் எண்ணெய் தடவின மாதிரி மின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றிலையேதான். கிள்ளி மென்றால் வெற்றிலையின் காரம் இருக்காது. மிளகின் நிழல் மாதிரி லேசாக ஒன்று நாக்கில் நிற்கும். மலாய்க்காரர்கள் பச்சையாக உலாமில் சேர்ப்பார்கள், பொடிப்பொடியாக நறுக்கி நாசி உலாமில் கலப்பார்கள். தாய்லாந்திலும் வியட்நாமிலும் இதே இலையில் உணவைச் சுருட்டிச் சாப்பிடுகிறார்கள்.

மலாயில் சொல்லின் கடைசி 'க்' தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் காதில் விழுவது 'காடோ'. தமிழ்க் காதுக்கு அது 'காட்டு இலை' என்று கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

பாக்கு என்பது மலாயில் பெரணிச் செடிக்குப் பெயர். ஆணிக்கும் அதே பெயர்தான். வாய்க்கால் ஓரத்திலும் நீரோடைக் கரையிலும் வளர்கிற ஒரு வகைப் பெரணியின் சுருண்ட இளந்தளிரைப் பறித்துச் சமைப்பார்கள். சந்தையில் கட்டுக்கட்டாக 'புச்சோ பாக்கு' என்று விற்பது இதுதான். புச்சோ என்றால் கொழுந்து.

இரண்டையும் சேர்த்து ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வெற்றிலை மாதிரி இருக்கிற, வெற்றிலை அல்லாத ஒரு இலை. பாக்கு என்று கேட்கிற, பாக்கு அல்லாத ஒரு தளிர். கப்பல் ஏறி வந்தவர்களுக்கு இந்தக் காடு வைத்த தாம்பூலம் இப்படித்தான் இருந்தது. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் ஊரிலேயே தெரிந்த முகங்கள். இங்கே பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். காடோக்கையும் பாக்கையும் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. சொல்லிக்கொடுத்தவர்களின் மொழியிலேயே அந்தப் பெயர்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்ணுக்கும் லயத்துத் தமிழ்ப் பெண்ணுக்கும் நடுவில் நடந்த பேச்சுக்கு வேறு ஆவணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டு சொல்தான் ஆவணம்.

மலாயில் காடோக் பற்றி ஒரு பழமொழி உண்டு. வெற்றிலைக் கொடிக்கு நட்ட கொழுகொம்பில் காடோக் ஏறினது போல என்பார்கள். தகுதிக்கு மீறி மேலே போய் உட்கார்ந்துகொண்டவனைக் கேலி செய்கிற பழமொழி. காடோக் தரையில் படர வேண்டிய செடி, அதற்குக் கொழுகொம்பு எதற்கு என்பது அதன் உள்ளர்த்தம். முதல் தடவை கேட்டபோது, செடியைப் பற்றிய பழமொழியாக அது எனக்குக் கேட்கவில்லை.

*

நான் பொறியாளர் வேலை பார்க்கிறேன். எங்கள் துறையில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தலைப்பு வேண்டும். தலைப்பு இல்லாத பொருள் திட்டத்தில் இல்லாத பொருள். ஒரு ரப்பர் தோட்டத்தையும் அப்படிப் பார்த்தால் இந்தச் செடிகளுக்கு ஒரே ஒரு தலைப்புதான் இருந்தது: களையெடுப்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டத் துரைமார்களுக்குத் தரை சுத்தமாக இருக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே ஒரு பச்சை தெரியக் கூடாது. மண் வெறுமையாக இருந்தால் மரத்துக்குப் போட்டி இல்லை, உரம் முழுவதும் மரத்துக்கு என்று கணக்கு. பெய்கிற மழைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. சரிவான இடங்களில் மேல்மண் கரைந்து ஓடியது. ஏற்கெனவே ஈயச் சுரங்க மணல் கலந்த பேராக் ஆறுகளில் இதுவும் போய்ச் சேர்ந்தது. பிறகுதான் மண்ணை மூடி வைக்கவென்றே அவரைக் குடும்பத்துக் கொடிகளை விதைக்கிற பழக்கம் வந்தது. களை பிடுங்கிச் செலவு, பிடுங்கின இடத்தில் வேறொரு பச்சையை விதைக்க இன்னொரு செலவு. சிறுதோட்டக்காரர்கள் பலர் அடிச்செடிகளை அப்படியே விட்டார்கள். அவர்களுடைய மரம் ஒன்றும் பட்டுப்போகவில்லை.

இந்தக் களையெடுப்பைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். பால்வெட்டுக்குப் போகாதவர்கள், வயதானவர்கள், வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் வெளிக்காட்டு வேலைக்கு. காலையில் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நிரை நிரையாகக் குனிந்துகொண்டே போக வேண்டியது. கூலி ஆண்களைவிடக் குறைவு.

திருக்குறளில் கொடியவர்களை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடும் குறள் ஒன்று உண்டு. பயிர் எது களை எது என்று சொல்கிற அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி அந்த ஒப்புமையின் அடியிலேயே இருக்கிறது. தோட்டத்தில் அது துரை கையில் இருந்தது. கிராணி எழுதினார், மண்டோர் மேற்பார்த்தார், பெண்கள் பிடுங்கினார்கள். பிடுங்கின அதே பெண்கள் வேலை முடிந்து திரும்பும்போது மடியில் கொஞ்சம் கட்டிக்கொண்டு வந்தார்கள். காலை ஆறு மணிக்குக் களை. மதியம் இரண்டு மணிக்குக் கீரை. செடி ஒன்றுதான்.

எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் வெளிக்காட்டு வேலை செய்தவர். அவரிடம் இதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதிலில் தத்துவம் எதுவும் இல்லை.

"நீ படிச்சவன், என்னென்னமோ கேக்குற. புல்லு வெட்டுனா சம்பளம். கீரை பறிச்சா கொழம்பு. ரெண்டும் வேணும்ல?"

*

சட்டத்தில் ஒரு இடம் இருந்தது. 1923-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு இருக்கிற தொழிலாளிக்குப் பயிர் போடவோ மாடு மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்கச் சொன்னது. இன்றைய தரைவீட்டு மனை ஒன்றரை அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் நேரம் இருந்தால்தான் பயிர். விடியுமுன் போய் மதியத்துக்கு மேல் திரும்புகிறவர்களுக்கு, விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் தானே வளர்கிற கீரைதான் சௌகரியம்.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. மலாயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இருந்தவர்களுக்குக் கூலி வெட்டு. தோட்டங்கள் செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைக்க வசதியான இடங்களில் ஒன்று களையெடுப்பு. கூலி சுருங்கின அதே காலத்தில் மரத்தடியில் பச்சை பெருகியது என்பதை யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது.

ஜப்பானியர் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். மலாயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. போரில் அது அறுந்தது. ரப்பர் வாங்க ஆள் இல்லை. ஆண்களை சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் கணக்கில்லை. லயத்தில் மிஞ்சினவர்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் வாழ்ந்தார்கள். கிழங்கு வயிற்றை நிரப்பும். அதில் புரதமும் மற்ற சத்துகளும் மிகக் குறைவு. பக்கத்தில் ஒரு பிடி கீரை இருந்ததா இல்லையா என்பது அப்போது ருசி சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்திருக்காது.

அடுத்து அவசரகாலம். அது தொடங்கினதே பேராக்கில்தான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று பிரிட்டிஷ் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்று வாசலில் சோதனை. பால் வெட்டப் போகிறவர்கள் அரிசியோ டின் சாமானோ எடுத்துப் போக முடியாது. பாட்டி அப்போது சின்னப் பிள்ளை. அவருக்கு ஞாபகம் இருப்பது வேலியும், பெண்களைத் தனியாக நிறுத்திச் சோதித்ததும்.

"வெளிய போறப்பத்தான் கூடய கொட்டி பாப்பாங்க. திரும்ப வர்றப்ப கீரதான இருக்கும். அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வேலி ஒரு பக்கம் மட்டும் பார்த்தது. அரிசி வெளியே போகக் கூடாது என்று அரசாங்கம் கவலைப்பட்டது. உள்ளே வருகிற கீரை யாருடைய கவலையிலும் இல்லை. களை என்ற பெயருக்கு இருந்த ஒரே நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். மதிப்பில்லாத பொருளை யாரும் பறிமுதல் செய்வதில்லை.

*

பிறகு மருந்து வந்தது. களைக்கொல்லிக்குத் தோட்டத்தில் மருந்து என்றுதான் பெயர். 'மருந்தடி' என்றால் கொல்கிற வேலை. இந்தச் சொல்லை யோசித்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் கலக்கமாக இருக்கும். முதலில் பயன்படுத்தியது சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். 1960-களில் அந்த இடத்தைப் பாராகுவாட் பிடித்தது. குனிந்து வெட்டின பெண்களின் முதுகில் பம்பை மாட்டினார்கள். நிரப்பினால் பதினைந்து கிலோவுக்கு மேல் கனக்கும். கைவிசையால் அடித்துக்கொண்டே நிரையில் நடக்க வேண்டும். நகம் நிறம் மாறி உதிர்வது, மூக்கில் ரத்தம், தோல் புண், கண் எரிச்சல். இவை இந்த வேலைக்குப் போன பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னவை. பாராகுவாட் உடம்புக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது.

2002-இல் தெனாகானித்தா அமைப்பும் பாதிரியார்கள் அல்ல, வழக்கறிஞர்கள் அல்ல, பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயல்பாட்டாளர்களான பான் ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டன. அதே ஆண்டு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மலேசிய அரசு அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-இல். முதல் அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவில் பதினேழு வருஷத்துக்கு மேல்.

கீரைக்கு என்ன ஆனது? பாராகுவாட் தொட்ட பச்சையை ஓரிரு நாளில் கருக்கிவிடும். வேரைக் கொல்லாது. ஆகவே காடோக் மாதிரி ஓடுகொடி விடுகிற செடி கொஞ்ச நாளில் திரும்பத் தழைக்கும், முன்னைவிடக் கொழுந்தாக. பார்க்க அழகாக இருக்கும். ஆபத்தே அந்த அழகில்தான். மருந்தடித்த பெண்களுக்கு எந்த நிரையில் எந்த வாரம் அடித்தார்கள் என்று தெரியும், ஏனென்றால் அடித்ததே அவர்கள்தான். அதை வைத்து அவர்களே ஒரு விதி செய்துகொண்டார்கள்.

"மருந்து போட்ட நெரையில எத்தன மழ பேஞ்சாலும் கை வைக்க மாட்டோம். அல்லூறுக்கு அந்தாண்ட, பம்போட எறங்க முடியாத பள்ளமாப் பாத்துதான் பறிப்போம். புது ஆளு வந்தா மொத நாளே சொல்லிருவோம்."

இந்த விதி எந்தக் கையேட்டிலும் இல்லை. முதுகில் பம்பும் மடியில் கீரையும் ஒரே ஆளிடம் இருந்த ஒரு தலைமுறை, தானே கண்டுபிடித்துத் தானே கற்றுக்கொடுத்த பாதுகாப்பு விதி அது. தோட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதும்போது கண்ணீரை எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். இந்தக் கணக்கையும் எழுத வேண்டும். அவர்கள் நிலத்தை வரைபடம் மாதிரி தலைக்குள் வைத்திருந்தார்கள்.

*

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டவர்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் வந்தார்கள். தமிழில் எஸ்டேட்டுக்கும் தோட்டம். வீட்டுக் கொல்லைக்கும் தோட்டம். மலாயில் பூங்காவுக்கும் தாமான். குடியிருப்புப் பகுதிக்கும் தாமான். தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த சனத்துக்கு இரண்டிலும் சொந்தமாக ஒரு தோட்டம் கிடைக்கவில்லை. தாமானில் நிழலும் இல்லை. சிமெண்டு முற்றம், தகரக் கூரை, பின்சந்து.

ஆனால் காடோக்குக்கு அதிகம் வேண்டாம். எங்கள் வீட்டுப் பின்பக்கம், பகல் வெயில் சுவரில் மட்டும் படுகிற இடத்தில், ஏர்கோன் தண்ணீர் சொட்டுகிற மூலையில் இரண்டு தொட்டி இருக்கிறது. மூன்று நான்கு கணு உள்ள தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மக்கின இலை கலந்த மண்ணில் இரண்டு கணு புதைகிற மாதிரி வைத்தால் போதும். மண் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். நேர் வெயிலில் வைத்தால் சாகாது. இலை மஞ்சளித்துச் சிறுத்து முரடாகிவிடும். நிழலில்தான் அகன்று, மெல்லிசாக வரும். தரையில் நட்டால் ஓடுகொடி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, அதனால் செங்கல் வரம்பு கட்டுவது நல்லது. நுனியிலிருந்து இரண்டு மூன்று இலைகளைத் தொடர்ந்து பறித்துக்கொண்டே இருந்தால் பக்கக் கிளை விடும். பாட்டி மெல்லிசாக நறுக்கி, நெத்திலியும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்குவார். முட்டையோடும் சேரும்.

பாக்கு கொஞ்சம் பிடிவாதம். அகலமான தொட்டியும் எப்போதும் ஈரமும் வேண்டும். கிழங்கோடு ஒரு தூரைப் பிரித்து நட வேண்டும். தளிர் சுருள் அவிழுமுன் ஒடிக்க வேண்டும், ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒடிக்கக் கூடாது. பச்சையாகச் சாப்பிடாமல் வேகவைத்தே சாப்பிட வேண்டும். எல்லாப் பெரணியும் கீரை ஆகாது. சில வகைகள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஆகவே காட்டோரத்தில் பார்த்ததைப் பிடுங்கி வராமல், அதைச் சமைத்துச் சாப்பிடுகிற ஒருவரின் வீட்டிலிருந்து தூர் வாங்குவதே சரி. செம்பனைத் தோட்ட வாய்க்காலில் பறித்தது சந்தைக்கும் வரலாம். வாங்கும்போது எங்கே பறித்தது என்று கேட்பதில் தப்பில்லை.

இப்போது காடோக் இலையைப் பாரம்பரியச் சமையல் என்ற பெயரில் நல்ல விலைக்குச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறுகிறார்கள். பழமொழி கேலி செய்த செடி கொழுகொம்பு ஏறிவிட்டது என்று சந்தோஷப்படலாம். அதைப் பிடுங்கியும் பறித்தும் வாழ்ந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. அவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எப்படிச் சமைப்பது என்று யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். எந்த நிரையில், எந்தப் பள்ளத்தில், எந்த மாதத்தில் பறித்தீர்கள், எங்கே பறிக்காமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்கான பதில் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.